உடைந்த ராடில் கை பழகி, சொந்த ராடு கட்டுவது எப்படி?

சொந்தமாக ஒரு தூண்டில் ராடு கட்ட ஆசைப்படுகிறவர்கள் பலரும் முதலில் செய்வது, வெளிநாட்டிலிருந்து நல்ல பிளாங்க் (எதுவும் பூட்டாத வெறும் தடி) ஒன்றை வரவழைப்பதுதான். அது இப்போதைக்கு வேண்டாம். உங்கள் வீட்டுப் பரணிலோ, கூட மீன் பிடிக்க வரும் நண்பர் வீட்டிலோ, கைடு (தூண்டில் நூல் ஓடும், காலுள்ள வளையம்) உடைந்தோ முனை போயோ ஒரு பழைய ராடு கிடக்கும். அதிலிருந்து தொடங்குங்கள். ஒரு கைடைப் பிரித்தெடுத்து, புதியதை வைத்து, நூல் சுற்றி, எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து இறுகும் பசை) பூசத் தெரிந்துவிட்டால் ராடு கட்டும் வேலையில் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டது. ஏழு கைடு உள்ள ராடு என்றால் அதே வேலையை ஏழு முறை செய்ய வேண்டும். அதற்கு மேல் மிச்சம் இருப்பது பிடி ஒட்டுவதும், கைடுகளுக்கு இடம் பார்ப்பதும்.

இன்னொரு காரணமும் உண்டு. நம்மூரில் வெறும் பிளாங்க் விற்கும் கடைகள் குறைவு. 7 அடி நீளப் பொருளை ஒரே துண்டாகக் கூரியரில் வரவழைப்பது செலவு பிடிக்கும் வேலை, வழியில் அடிபட்டு வரும் பயம் வேறு. கை பழகாத நிலையில் அதில் பிளேடு வைப்பது நியாயமில்லை. பழைய ராடு என்றால் தைரியமாக அறுக்கலாம், ஒட்டலாம், சரியில்லை என்றால் மறுபடி பிரிக்கலாம்.

இங்கே சொல்வதெல்லாம் 7 அடி ஸ்பின்னிங் ராடை, அதாவது ரீலும் கைடுகளும் கீழ்ப்பக்கம் தொங்கும் ராடை, மனதில் வைத்துச் சொல்வது. கழிமுகத்தில் கொடுவாவுக்கும், கடலோரக் கற்களில் நின்று சிறிய பாரைக்கும் நம் ஆட்கள் அதிகம் தூக்கிப் போவது இதைத்தான்.

சாமான்கள்

ராடு சுற்றும் இயந்திரம் எதுவும் ஆரம்பத்தில் தேவையில்லை. கெட்டியான அட்டைப்பெட்டி ஒன்றின் எதிரெதிர்ப் பக்கங்களில் 'வி' வடிவில் வெட்டிவிட்டால் ராடைப் படுக்க வைக்கத் தாங்கி தயார். நூல்கண்டை ஒரு டம்ளருக்குள் போட்டு, நூலைத் தடித்த புத்தகம் ஒன்றின் பக்கங்களுக்கு நடுவே விட்டு வெளியே எடுங்கள். புத்தகத்தின் மேல் பாரத்தைக் கூட்டியும் குறைத்தும் நூலின் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். இவை போக புது பிளேடு, மெல்லிய அரம், 400 நம்பர் உப்புத்தாள், மாஸ்கிங் டேப், ஹேர் டிரையர், ஸ்பிரிட், பழைய பனியன் துணி.

காசு கொடுத்து வாங்க வேண்டியவை மூன்று: கைடு, நூல், பூச்சு எபாக்ஸி.

நூலுக்குத் தையல் நூலை எடுக்காதீர்கள். அதில் பிசிறு இருக்கும். எபாக்ஸி பூசிய பிறகு ஒவ்வொரு பிசிறும் முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ராடுக்கென்றே வரும் நைலான் நூலில் 'ஏ' என்பது மெல்லியது, 'டி' என்பது தடித்தது. நம் 7 அடி ராடுக்கு 'ஏ' போதும். சாதாரண நைலான் நூலில் எபாக்ஸி பட்டதும் நிறம் இருண்டு, அடியில் இருக்கும் கைடு கால் தெரியும். அது பிடிக்காது என்றால் 'என்சிபி' என்று போட்ட நூலை வாங்குங்கள், பூசிய பிறகும் நிறம் அப்படியே நிற்கும்.

எபாக்ஸியில் இரண்டு வகையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிடியையும் ரீல் சீட்டையும் (ரீலை மாட்டித் திருகும் பாகம்) ஒட்டுவதற்கு மெதுவாக இறுகும் அரால்டைட் போன்ற பசை. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை நேரமும் தராது, தண்ணீரையும் நீண்ட நாள் தாங்காது. நூலின் மேல் பூசுவதற்கு ராடு பினிஷ் என்றே தனியாக விற்கும் தண்ணியான எபாக்ஸி. கைவினைக்காரர்கள் மேசைப் பலகையில் ஊற்றும் ரெசின் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். ராடு வளையும்போது பூச்சும் கூடவே வளைய வேண்டும். கண்ணாடியாக இறுகும் ரெசின் கைடு காலின் ஓரத்தில் விரிசல் விடும், அந்த விரிசல் வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே போகும்.

முதல் வேலை: ஒரு கைடை மாற்றுவது

கைடு கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. பிரெய்டு (பின்னிய தூண்டில் நூல்) காரணமில்லாமல் அறுகிறது என்றால் வளையத்துக்குள் ஒரு பஞ்சுக் குச்சியை விட்டுச் சுழற்றுங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் பஞ்சு அதில் மாட்டி இழை விடும். கைடின் உள்வளையம் கழன்று விழுந்திருந்தால் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டுவது அன்றைய பொழுதுக்கு மட்டும்தான். பெரிய மீன் ஓடும்போது அது நிற்காது, கைடையே மாற்றுங்கள்.

பழைய கைடை எடுக்கும் முன்னால் அது எந்த இடத்தில் இருந்தது, எந்தக் கோட்டில் பார்த்தது என்று மாஸ்கிங் டேப்பில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிளேடு. பிளேடை எந்தக் காரணத்துக்காகவும் பிளாங்க் மேல் வைத்து அழுத்தக் கூடாது. கைடின் கால் நூலுக்கு அடியில் மேடாகத் தெரியும் அல்லவா, அந்த மேட்டின் உச்சியில், உலோகத்தின் மேல் மட்டுமே பிளேடு ஓட வேண்டும். நீளவாக்கில் மெல்லச் சீவிக்கொண்டே போனால் பூச்சும் நூலும் பிளந்து, அடியில் உலோகம் பளிச்சென்று தெரியும். அப்போது ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். விரல் நகம் பதியும் அளவுக்குப் பூச்சு இளகியதும் கைடைப் பக்கவாட்டில் அசைத்தால் வந்துவிடும். மிச்சமுள்ள நூலைப் பிளந்த இடத்திலிருந்து நகத்தால் உரித்தெடுக்கலாம்.

லைட்டரையோ ஹீட் கன்னையோ பிளாங்க் பக்கம் கொண்டுபோக வேண்டாம். கார்பன் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பதே ரெசின்தான். அதிகச் சூடு பட்டால் ரெசின் அந்த இடத்தில் பலம் இழக்கும். வெளியே எதுவும் தெரியாது, அடுத்த நல்ல மீன் வரும்போது அங்கேயே முறியும்.

புதிய கைடை எடுத்த உடனே ஒட்டிவிட வேண்டாம். காலின் நுனி பெரும்பாலும் மொட்டையாக இருக்கும். அரத்தால் அதைக் கத்தி முனை போல் சரிவாக்குங்கள், அப்போதுதான் நூல் பிளாங்க்கிலிருந்து காலின் மேல் இடைவெளி விடாமல் ஏறும். அப்புறம் காலைத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக ஏதாவது தட்டினால் அதையும் ராவிவிட வேண்டும். ராடு வளைகிற ஒவ்வொரு முறையும் அந்தக் கூர் பிளாங்க்கின் இழைகளை அறுக்கும். கம்பெனி ராடுகள் கைடு காலடியில் முறிவதற்கு இதுவும் ஒரு காரணம், இதைக் கவனிக்கிறவர்கள் குறைவு.

சீராக்கிய கைடை ஒரு காலில் மெல்லிய டேப்பால் பிடித்து வைத்து, மறு காலிலிருந்து சுற்றத் தொடங்குங்கள். காலின் நுனிக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் முன்னால், வெறும் பிளாங்க்கில் ஆரம்பம். நூலை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் முனையின் மேலேயே குறுக்காகக் கொண்டுவந்து, ஆறேழு சுற்றுகள் அந்த முனையை அடக்கிச் சுற்றினால் நூல் தானாகப் பூட்டிக்கொள்ளும். மிச்ச முனையை வெட்டிவிட்டுத் தொடருங்கள். கையால் நூலைச் சுற்றக் கூடாது. நூல் நின்ற இடத்தில் நிற்க, ராடைத்தான் உருட்ட வேண்டும். நூல் கொஞ்சம் பின்சாய்ந்து வந்தால் ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றோடு தானே ஒட்டிப் படியும். இடைவெளி விழுந்தால் கவலை வேண்டாம், நகத்தால் தள்ளி நெருக்கலாம்.

வளையத்தை நெருங்கும்போது, முடிய இன்னும் எட்டுச் சுற்று இருக்கிறது என்கிற இடத்தில், வழுவழுப்பான தனி நூல் ஒன்றை மடித்துக் கண்ணியாக வையுங்கள். கண்ணியின் வளைந்த பக்கம் கைடு வளையத்தைப் பார்த்து இருக்க வேண்டும். மிச்சச் சுற்றுகளை அதன் மேலேயே சுற்றி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நூலை வெட்டி, அந்த முனையைக் கண்ணிக்குள் நுழைத்து, கண்ணியின் இரண்டு வாலையும் பிடித்து இழுங்கள். முனை சுற்றுகளுக்கு அடியில் புகுந்து மறுபுறம் வரும். அதை இறுக்கி ஒட்ட வெட்டினால் முடிச்சே இல்லாமல் கட்டு முடிந்தது.

மறு காலையும் இதேபோல் சுற்றியபின் ராடைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அடியிலிருந்து நுனி வரை பாருங்கள். கைடு சற்றே திரும்பியிருந்தால் விரலால் தள்ளினாலே நேராகும். நேராக்க முடியாத அளவுக்கு நூல் இறுகியிருந்தால், இறுக்கம் அதிகம் என்று பொருள். மெல்லிய பிளாங்க்கில் அளவுக்கு மீறிய இறுக்கமும் கேடுதான். பேனா மூடியாலோ கரண்டியின் முதுகாலோ கட்டை லேசாகத் தேய்த்துவிட்டால் சுற்றுகள் சமனாகிவிடும்.

பூச்சும் நம்மூர் வெயிலும்

புதியவர்கள் சோர்ந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். காரணம், நாம் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வீடியோக்கள் பலவும் குளிர்நாடுகளில் எடுத்தவை. அங்கே அரை மணி நேரம் வேலை செய்ய முடிகிற எபாக்ஸி, சித்திரை மாதத்துச் சென்னையில் பாதி நேரத்திலேயே கெட்டியாகிவிடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் எபாக்ஸி ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் இறுகும் என்பது பொதுக் கணக்கு. அதனால் அதிகாலையிலோ ஏசி அறையிலோ பூசுங்கள். ஒரு தடவைக்கு மூன்று நான்கு கைடுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஈரப்பதம் இன்னொரு தொல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசினால் பூச்சின் மேல் பனி மூடினாற்போல் மங்கலும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடிக்கட்டும், அவசரம் வேண்டாம்.

இரண்டு பாகத்தையும் சம அளவில், தனித்தனி சிரிஞ்சில் அளந்து எடுங்கள். கண்ணளவு இதில் செல்லாது. கொஞ்சம்தானே வேண்டும் என்று அரை அரை மில்லி கலந்தால் சிறு பிசகும் பெரிதாகி, நாள் கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கும். பாகத்துக்கு 3 மில்லியாவது எடுங்கள், மிஞ்சியது வீணானாலும் பரவாயில்லை. மருந்துக் கடை சிரிஞ்சின் ரப்பர் அடைப்பில் சிலிக்கான் எண்ணெய் தடவியிருக்கும். அது எபாக்ஸியில் கலந்தால் பூச்சு அங்கங்கே விலகிக் குழி விழும். ரப்பர் இல்லாத, முழுக்கப் பிளாஸ்டிக்கில் ஆன சிரிஞ்சு கிடைத்தால் நல்லது. கட்டின் மேல் விரல் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றை அடித்துச் சேர்க்காமல், மூன்று நிமிடம் நிதானமாகக் கலக்குங்கள். கலந்ததும் கிண்ணத்தில் விட்டுவைக்காமல் ஒரு அலுமினியத் தாளில் பரப்பி ஊற்றுங்கள். பரந்து கிடந்தால் குமிழி தானே மேலே வந்து உடையும், சூடும் தங்காது, வேலை செய்ய நேரம் கூடும். முதல் பூச்சு மெல்லியதாக, நூல் நனைந்து உள்ளே குடிக்கிற அளவுக்கு மட்டும். கட்டின் இரு ஓரத்திலும் பிளாங்க் மேல் ஒரு மில்லிமீட்டர் தாண்டிப் பூசினால் தண்ணீர் உள்ளே நுழைய வழியிருக்காது. கைடு கால் நூலுக்குள் நுழையும் இடத்தில் சின்னச் சுரங்கம் போல் இருபுறமும் இடைவெளி இருக்கும், அதற்குள்ளும் தூரிகையால் நிரப்புங்கள். குமிழி மிஞ்சினால் ஸ்பிரிட் விளக்கின் தீயை, பிளாங்க் சூடேறாதபடி ஒரு நொடி மட்டும் அடியில் காட்டி எடுத்தால் மறைந்துவிடும்.

பூசிய ராடு சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எபாக்ஸி ஒரு பக்கமாக வழிந்து தொங்கும். மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுற்றும் சிறு மோட்டார் நிமிடத்துக்கு 5, 6 சுற்று சுற்றும். அதே மாதிரி மோட்டார் தனியாகவும் விற்கிறது. ஒரு பாட்டில் மூடியை அதில் திருகி, ராடின் அடியை அதனுடன் சேர்த்துக் கட்டினால் போதும். வீட்டு மின்சாரத்தில் ஓடுவது என்பதால் வயர் இணைப்பைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். மோட்டார் இல்லாதவர்கள் எபாக்ஸி வழிவது நிற்கும்வரை சில நிமிடத்துக்கு ஒரு தடவை கால் சுற்று, அரைச் சுற்று என்று கையால் திருப்ப வேண்டும். முடியாத வேலையில்லை, கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நாள் கழித்து இரண்டாம் பூச்சு. அப்புறம் ஒரு வாரம் அந்த ராடைத் தொடாதீர்கள். தொட்டால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும், ஆனால் உள்ளே முழுப் பலம் வந்திருக்காது.

முனை முறிந்தால்

ராடுகள் மீனிடம் முறிவதைவிடக் கார் கதவிலும் சீலிங் ஃபேனிலும் முறிவதுதான் அதிகம். நுனியிலிருந்து ஓரிரண்டு அங்குலம் போயிருந்தால் அது சின்னப் பழுது. முறிந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, இழை பிளக்காத இடமாகப் பார்த்து மாஸ்கிங் டேப் சுற்றி, மெல்லிய ரம்பத்தாலோ அரத்தின் விளிம்பாலோ ராடை உருட்டி உருட்டி வெட்டுங்கள். கட்டிங் பிளையர் வைத்தால் குழல் நசுங்கிப் பிளக்கும்.

இனி அந்த நுனிக்குச் சேரும் டிப் டாப், அதாவது நுனியில் செருகும் கைடு, வேண்டும். டிப் டாப்புக்கு இரண்டு அளவு உண்டு: வளையத்தின் அளவு ஒன்று, பிளாங்க்கின் நுனிமேல் ஏறும் குழாயின் அளவு இன்னொன்று. குழாய் அளவை அமெரிக்க முறையில் அங்குலத்தின் 64-இல் ஒரு பங்காகச் சொல்வார்கள், 5.5 என்றால் சுமார் 2.2 மில்லிமீட்டர். ஜப்பான் தயாரிப்புகளில் நேராக மில்லிமீட்டரே இருக்கும். வெர்னியர் இல்லை என்றால், டிரில் பிட்டால் போட்ட துளைகளில் எதில் அந்த நுனி சரியாக நுழைகிறது என்று பார்த்து அளந்துகொள்ளலாம்.

ஒட்டுவதற்கு எபாக்ஸி வேண்டாம், க்ளூ கன் குச்சி போதும். குச்சியை உருக்கி நுனியில் தடவி, டிப் டாப்பின் குழாயை மட்டும் லேசாகச் சூடாக்கிச் செருகி, மற்ற கைடுகளின் கோட்டுக்குத் திருப்பி நிறுத்துங்கள். நாளைக்கு மாற்ற வேண்டி வந்தால் குறைந்த சூட்டிலேயே கழற்றிவிடலாம். எபாக்ஸி போட்டு ஒட்டியதைக் கழற்ற எவ்வளவு சூடு வேண்டுமோ அதில் நுனி வீணாகிவிடும்.

முனை குறைந்தால் ராடு கொஞ்சம் விறைப்பாகும். முறிவு அடுத்த கைடுக்குப் பக்கத்திலேயே இருந்தால், அந்தக் கைடைக் கழற்றிவிட்டு அதன் இடத்திலேயே டிப் டாப் வைப்பதுதான் பார்க்கவும் பிடிக்கவும் நன்றாக இருக்கும்.

நடுவில் முறிந்தால்

இது தூக்கி எறிய வேண்டிய ராடு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உள்ளே ஒரு குச்சி கொடுத்துச் சேர்த்தால் பல வருடம் உழைக்கும், வளைவு மட்டும் அந்த இடத்தில் சற்று விறைப்பாகத் தெரியும். இதற்காகவே உடைந்த ராடுத் துண்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

முறிந்த இரு முனைகளிலும் தொங்கும் இழைகளை மட்டும் ஒட்ட வெட்டுங்கள். மேலும் கீழும் பிளவு எங்கே முடிகிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பாகத்தின் பின்வாய் வழியாக, பழைய ராடுத் துண்டு ஒன்றை மெல்லிய முனை முன்னே போக நுழைத்துத் தள்ளினால், இரண்டுமே சரிவான குழல்கள் என்பதால் ஓரிடத்தில் சிக்கென்று பிடிக்கும். அது முறிவுக்கு இரு பக்கமும் 7, 8 சென்டிமீட்டராவது இருக்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். வெளியே நீட்டும் பாதிமேல் மேல்துண்டு ஆடாமல் உட்கார வேண்டும். சற்றுப் பெரிதாக இருந்தால் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துக் குறைக்கலாம். கார்பன் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது, ஈரமாகவே தேய்த்து முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

மெதுவாக இறுகும் எபாக்ஸியை உள்ளே தடவிச் சேர்த்து, கண்ணுக்கு நேரே பிடித்து வளைவில்லாமல் பார்த்து, இரவு முழுக்க அசையாமல் விடுங்கள். அடிக்குழல் பிடியால் அடைபட்டிருந்தால் குச்சியை முறிந்த வாய் வழியாகவே நுழைக்க வேண்டியிருக்கும். அப்போது அது அவ்வளவு இறுகாது, எபாக்ஸிதான் இடைவெளியை நிரப்ப வேண்டும். காய்ந்ததும் முறிவின் மேல், இரு பக்கமும் பிளவு முடிகிற இடத்தைத் தாண்டி நூல் சுற்றிப் பூசுங்கள். குழல் பாரத்தில் நீள்வட்டமாக நசுங்கித்தான் பிளக்கிறது. அதை வட்டமாகவே பிடித்து வைப்பது இந்த வெளிக்கட்டு. உள்ளே குச்சி மட்டும் கொடுத்து வெளிக்கட்டை விட்டுவிட்டால் குச்சி முடிகிற இடத்தில் மறுபடி பிளக்கும்.

சின்னத் தொல்லைகள் இரண்டையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு துண்டு ராடில் இணைப்பு இறுகிக் கழலவில்லை என்றால் முறுக்காதீர்கள், கைடைப் பிடித்துத் திருப்பவே கூடாது. உள்ளே போகிற துண்டின் பக்கம் ஐஸ் வைத்துச் சுருங்கவிட்டு நேராக இழுங்கள். வரும் நாட்களுக்கு அந்த இணைப்பில் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்து வையுங்கள். ரீல் சீட் சுற்றி ஆடினால், பிளாங்க்கைத் தொடாத ஆழத்துக்கு மட்டும் சின்னத் துளை போட்டு, சிரிஞ்சால் எபாக்ஸி செலுத்தி நிறுத்தலாம்.

இப்போது முழு ராடு

பிளாங்க்கை நீங்கள் புதிதாக வாங்கினாலும் சரி, பழைய ராடை முழுக்க உரித்தாலும் சரி, வேலை ஒன்றுதான். கார்பன் பிளாங்க் எடை குறைவு, மீன் தொடுவது கைக்கு உடனே தெரியும், ஆனால் கல்லில் பட்ட சின்ன அடியைக்கூட மறக்காது. கண்ணாடியிழை (ஃபைபர் கிளாஸ்) கனம், மெதுவாக நிமிரும், அடி தாங்கும். முதல் ராடுக்கு இரண்டும் கலந்த பிளாங்க் கிடைத்தால் அதையே நான் சொல்வேன்.

முதலில் பிளாங்க்கின் முதுகை, அதாவது எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்பதை, தீர்மானிக்க வேண்டும். இழைத் தாளைச் சுருட்டிச் செய்வதால் ஒவ்வொரு பிளாங்க்கிலும் ஒரு பக்கம் விறைப்பு கூடுதலாக இருக்கும். அதை ஸ்பைன் என்கிறார்கள். அடியைத் தரையில் ஊன்றி, நுனியைப் பிடித்துச் சாய்த்து நடுவில் அழுத்திக்கொண்டே உருட்டினால் ஓரிடத்தில் துள்ளித் திரும்பும். கைடுகளை அந்தக் கோட்டில்தான் வைக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் அடித்துச் சொல்வார்கள், இல்லாவிட்டால் ராடு மீன் இழுக்கும்போது முறுக்கிக்கொள்ளும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கைடு மேற்பக்கம் இருந்தால் ஸ்பைன் எங்கிருந்தாலும் பாரம் அதைக் கீழே திருப்பத்தான் பார்க்கும். ஸ்பின்னிங் ராடில் கைடு கீழேயே தொங்குவதால் அந்தப் பிரச்சினையே எழாது. பிளாங்க் எதுவும் நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பதில்லை. அதன் இயல்பான வளைவு இடமோ வலமோ போகாமல் மேல் கீழ்க் கோட்டில் வரும்படி வைத்துவிடுங்கள். ராடு நேராகத் தெரியும், எறிவதும் நேராகப் போகும்.

அடுத்து பிடி. ரீல் சீட்டைப் பிடித்தபடி கையை மடக்கிப் பார்த்தால், பின்பிடி முழங்கையைச் சற்றுத் தாண்டி முடிவது இரு கையால் எறிகிறவர்களுக்குச் சரியாக இருக்கும். பின்பிடி, ரீல் சீட், முன்பிடி என்ற வரிசையில் எல்லாமே நுனிப் பக்கமிருந்துதான் இறங்கும், அதனால் ஒட்டாமல் ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஈவிஏ என்கிற நுரைப் பிடியின் துளை பிளாங்க்கைவிடச் சற்றுச் சிறிதாக இருந்தால் இறுக்கிப் பிடிக்கும். கார்க் அப்படி விரியாது, சரியான அளவுக்கு ராவ வேண்டும். ரீல் சீட்டுக்கும் பிளாங்க்குக்கும் உள்ள இடைவெளியை மாஸ்கிங் டேப் வளையங்களால் நிரப்புவோம். ஒரே நீளத்துக்குச் சுற்றாமல், 6 மில்லிமீட்டர் அகலத்தில் இடைவெளி விட்டு இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். நடுவில் இருக்கும் பள்ளங்களில் நிறைகிற எபாக்ஸிதான் சீட்டைப் பிளாங்க்கோடு பிணைக்கிறது. டேப்பின் ஓரங்களும் எபாக்ஸியில் மூழ்கட்டும், தண்ணீர் பட்டால் டேப் ஊறி இளகும். காய்வதற்குள் ஒரு ரீலை மாட்டி, நீங்கள் குறித்த முதுகுக் கோட்டுக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். காய்ந்த பிறகு திருத்த வழியில்லை.

இனிதான் ராடின் உயிரான வேலை, கைடுகளுக்கு இடம் பார்ப்பது. 7 அடி, அதாவது 213 சென்டிமீட்டர் பிளாங்க்குக்கு ஏழு கைடும் ஒரு டிப் டாப்பும் வைக்கலாம். நுனியிலிருந்து அளந்தால் 10, 21.5, 35, 50.5, 68.5, 90, 116 சென்டிமீட்டர். நுனியில் நெருக்கம், அடியில் அகலம். ராடு அதிகம் வளைவது நுனியில் என்பதால் அங்கே நூலைப் பிடிக்க அதிகக் கைடு வேண்டும். வளையத்தின் வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் சொல்வதுதான் கைடின் எண். ரீல் பக்கமிருந்து 25, 16, 10, 8, அதற்குமேல் மூன்றும் 7 என்று போகலாம். ரீலிலிருந்து சுருள் சுருளாக வரும் நூலைப் பெரிய வளையங்கள் படிப்படியாக அடக்கி நேராக்குகின்றன.

எந்த இடத்தில் நூல் நேராக வேண்டும் என்பதற்கு கைடு தயாரிக்கும் ஃபியூஜி நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: ஸ்பூலின் (ரீலில் நூல் சுற்றியிருக்கும் உருளை) விட்டத்தை 27-ஆல் பெருக்கு. 46 மில்லிமீட்டர் ஸ்பூல் என்றால் ஸ்பூல் முகப்பிலிருந்து சுமார் 124 சென்டிமீட்டர். மேலே சொன்ன ராடில் அது நுனியிலிருந்து 40 சென்டிமீட்டரை ஒட்டி, 35-க்கும் 50.5-க்கும் நடுவே வந்து விழுகிறது. வளையங்கள் சிறுத்து ஒரே அளவுக்கு வருவதும் அங்கேதான். உங்கள் ரீல் பெரிதானால் அந்த இடமும் முன்னே நகரும்.

இந்த எண்கள் தொடக்கத்துக்கு மட்டும்தான். கைடுகளை நூலால் கட்டாமல் டேப்பால் ஒட்டி, ரீலை மாட்டி, தூண்டில் நூலைக் கோத்து, இன்னொருவரை நூல் முனையை மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். ராடு நன்றாக வளைந்ததும் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஒவ்வொரு கைடிலும் நூல் ஏறக்குறைய ஒரே கோணத்தில் திரும்ப வேண்டும். ஏதாவது ஒரு கைடில் மட்டும் கூர்மையாக மடிந்தால் பாரம் முழுக்க அங்கே விழுகிறது. அதையும் பக்கத்துக் கைடையும் ஒன்றையொன்று நோக்கிக் கொஞ்சம் நகர்த்துங்கள். பிறகு அதே டேப் கைடுகளோடு மைதானத்துக்குப் போய், முள் இல்லாமல் சிறு ஈயத்தை மட்டும் கட்டி எறிந்து பாருங்கள். நூல் முதல் கைடில் சப்தமாக அடித்தால் அந்தக் கைடை 2 சென்டிமீட்டர் முன்னேயோ பின்னேயோ தள்ளி மறுபடி எறியுங்கள். நீங்கள் எறிகிற விதத்துக்கும் உங்கள் ரீலுக்கும் ஒத்த இடம் எது என்பது இப்படித்தான் தெரியும். கடையில் வாங்கிய ராடில் கிடைக்காதது இதுதான், இதற்காக ஒரு மாலை நேரம் முழுக்கப் போனாலும் போகட்டும்.

இடங்கள் உறுதியானதும் அளவுகளை ஒரு நோட்டில் எழுதிவிட்டு, முன்னே சொன்னபடி நூல் சுற்றிப் பூசுங்கள்.

தண்ணீருக்குப் போன பிறகு

மீனை ஏற்றும்போது ராடைத் தலைக்கு மேல் செங்குத்தாகத் தூக்கிப் பின்னே சாய்க்காதீர்கள். பாரம் அடிப்பகுதியை விட்டு மெல்லிய நுனிக்குப் போய்விடும். பக்கத்தில் வந்த மீனுக்கு வலையோ கையோதான் சரி.

கார்பன் மின்சாரம் கடத்தும். கழிமுகங்களிலும் ஏரிக்கரைகளிலும் தலைக்கு மேல் போகும் மின்கம்பிகளை எறிவதற்கு முன் ஒரு முறை அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள். இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள்.

கடலுக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ரீலைக் கழற்றி, ரீல் சீட்டின் திருகை விட்டு அங்கேயும் கழுவுங்கள். உப்பு பூத்துத் திருகு இறுகியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து ஊறவையுங்கள். மாதத்துக்கு ஒரு முறை கைடு கால்களை வெளிச்சத்தில் பாருங்கள். பூச்சுக்கு அடியில் பழுப்பு நிறம் படர்ந்தால் எங்கோ தண்ணீர் நுழைந்து துரு பிடிக்கிறது. அந்த ஒரு கைடை மட்டும் பிரித்து மறுபடி கட்டுங்கள், மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை.